இலை திருப்பித் தரும் சிவப்பு ஒளி: பச்சைய உடனொளிர்வை அளக்கத் தொடங்குபவர்களுக்கு

பச்சை இலை உறிஞ்சும் வெளிச்சம் முழுவதும் ஒளிச்சேர்க்கைக்குப் போவதில்லை. ஒரு பங்கு ஒளிச்சேர்க்கையில் செலவாகிறது. இன்னொரு பங்கு வெப்பமாக வெளியேறுகிறது. மிகச் சிறிய பங்கு, ஏறக்குறைய 1 முதல் 2 சதவீதம், அடர்சிவப்பு ஒளியாக இலையிலிருந்து திரும்பி வருகிறது. இதைத்தான் பச்சைய உடனொளிர்வு என்கிறோம். ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் ஃப்ளூரசன்ஸ் என்றே சொல்வார்கள்.

ஒரே வாய்க்காலில் மூன்று மடைகள் இருந்தால், ஒன்றை அடைக்கும்போது மற்ற இரண்டில் நீர் கூடும். இங்கேயும் அதுதான் நடக்கிறது. மூன்றாவது மடையில் வருவதை அளந்து, முதல் மடையில் எவ்வளவு போகிறது என்று கணக்கிடுவதே இந்த முறை. இலையைக் கிள்ள வேண்டியதில்லை, அரைக்க வேண்டியதில்லை. செடியிலேயே இருக்கும் இலையில் சில நொடிகளில் அளந்துவிடலாம். நாளைக்கு அதே இலையை மறுபடியும் அளக்கலாம்.

பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேன்பதி, மீனாட்சிபுரம் பக்கம் தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரியில் தாவரவியலோ வேளாண்மையோ எடுக்கும் பிள்ளைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். இந்த ஆய்வுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது கஷ்டம். கேரளத்தின் பெரும்பாலான இடங்களைவிட இங்கே மழை குறைவு. மார்ச், ஏப்ரலில் வெயில் 40 டிகிரியைத் தொடும். நெல் இருக்கிறது, தென்னை இருக்கிறது, முதலமடையில் மாந்தோப்புகள் இருக்கின்றன, பாசி படரும் ஏரிகள் இருக்கின்றன. பரம்பிக்குளம் - ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் வர வேண்டும். அது பிந்தும் வாரங்களில் நெற்பயிர் என்ன பாடு படுகிறது என்று நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். அதை எண்ணாகப் பதிவு செய்ய முடியும் என்பதுதான் எனக்கு இதில் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாக வருபவர்கள் எல்லோரும் கருவியைப் பற்றியே கேட்கிறார்கள். கருவியைவிட முக்கியம், அளப்பதற்கு முன்னால் அந்த இலை எவ்வளவு நேரம் இருட்டில் இருந்தது, அதற்கு முன் எந்த வெயிலில் நின்றது என்பது. இந்த இரண்டும் எழுதப்படாத அளவை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

முதலில் கண்ணால் பாருங்கள்

முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி எடுங்கள். தண்டுக்கீரை வேண்டாம், அதில் உள்ள சிவப்பு நிறமி குழப்பும். ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டு நன்றாக அரையுங்கள். கீரையில் உள்ள அமிலம் பச்சையத்தின் நடுவில் இருக்கும் மக்னீசியத்தைப் பிரித்துவிட்டால் சாறு பழுப்பாகிவிடும், சோடா அதைத் தடுக்கும். அரைத்ததில் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டோ அசிட்டோனோ ஊற்றிக் கலக்கி, காபி வடிகட்டும் தாளில் வடிகட்டிக் கண்ணாடிக் குப்பியில் பிடியுங்கள். அடுப்பு எரியும் அறையில் இதைச் செய்யக் கூடாது, இரண்டும் சட்டென்று தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

இருட்டறையில், கள்ளநோட்டுப் பார்க்கும் புற ஊதா டார்ச்சை அந்தக் குப்பிமேல் பக்கவாட்டில் அடியுங்கள். பச்சைச் சாறு ரத்தச் சிவப்பாக ஒளிரும். 1834இல் டேவிட் ப்ரூஸ்டர் சாராயத்தில் ஊறவைத்த இலைச்சாற்றில் சூரியக் கற்றையைச் செலுத்தி இதே சிவப்பைத்தான் கண்டார். டார்ச்சைக் கண்ணுக்கு நேராகக் காட்டாதீர்கள்.

இப்போது அதே டார்ச்சை உயிருள்ள இலையில் அடியுங்கள். அந்தச் சிவப்பு தெரியாது. பச்சையம் அதேதான். சாற்றில் அது தனியாகிவிட்டது, உறிஞ்சிய ஆற்றலைக் கைமாற்ற ஆளில்லை. அதனால் இலையில் வருவதைவிடப் பல மடங்கு பங்கு ஒளியாகக் கொட்டுகிறது. இலைக்குள் அந்த ஆற்றலை வாங்கிக்கொள்ள ஒளித்தொகுப்புகள், அதாவது பச்சையமும் புரதமும் சேர்ந்த ஒளிச்சேர்க்கை அமைப்புகள், 1, 2 என்று இரண்டு வகையாகக் காத்திருக்கின்றன. இந்த வித்தியாசத்தை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் பின்னால் வரும் கணக்கெல்லாம் சுலபமாகப் புரியும்.

அடுத்தது கொஞ்சம் பொறுமை வேண்டும். 1931இல் ஜெர்மனியில் ஹான்ஸ் கவுட்ஸ்கியும் ஹிர்ஷும், இருட்டில் வைத்திருந்த இலையில் திடீரென்று நீல ஒளி அடித்து, வரும் சிவப்பைச் சிவப்புக் கண்ணாடி வழியாக வெறும் கண்ணாலேயே கவனித்தார்கள். ஒளிர்வு ஒரு நொடிக்குள் சட்டென்று ஏறியது, பிறகு சில நிமிடங்களில் மெதுவாக இறங்கியது. கவுட்ஸ்கி விளைவு என்று பாடப்புத்தகத்தில் வருவது இதுதான்.

இதை வீட்டில் செய்ய நீல எல்.இ.டி. டார்ச் ஒன்று, ஏறக்குறைய 450 நானோமீட்டர் ஒளி தருவது, வேண்டும். வெள்ளை டார்ச்சில் நீலத் தாள் ஒட்டினால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. பெரும்பாலான நீலத் தாள்கள் அடர்சிவப்பையும் விட்டுவிடும், அப்புறம் நீங்கள் பார்ப்பது இலையிலிருந்து வந்ததா டார்ச்சிலிருந்து வந்ததா என்று தெரியாது. பார்க்கும் பக்கத்தில் 650 நானோமீட்டருக்கு மேல் மட்டும் விடும் சிவப்பு ஃபில்டர் வையுங்கள். அது கிடைக்காவிட்டால் அடர்சிவப்பு செலோஃபேன் தாளை இரண்டு மூன்று மடிப்பாக்கிப் பார்க்கலாம். சரிபார்க்க ஒரு வழி: இலைக்குப் பதிலாக வெள்ளைத் தாளை வைத்து டார்ச்சை அடியுங்கள். ஃபில்டர் வழியாகத் தாள் கருப்பாகத் தெரிந்தால் எல்லாம் சரி. சிவப்பாகத் தெரிந்தால் ஒளி எங்கோ கசிகிறது.

படம் பிடிக்க ஆசைப்படுவீர்கள். கைபேசிக் கேமராவுக்குள் அகச்சிவப்பைத் தடுக்கும் ஃபில்டர் இருக்கிறது, அது நமக்கு வேண்டிய அடர்சிவப்பிலும் பெரும்பங்கை வெட்டிவிடும். அந்தத் தடுப்பு ஃபில்டர் கழற்றிய பழைய வெப்கேமரா இதைவிட மேல். தானாக வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் வசதியை அணைத்துவிட்டுப் படம் பிடியுங்கள், இல்லையென்றால் ஏற்றமும் இறக்கமும் கேமராவுடையதாகிவிடும்.

எண்களுக்கு வருவோம்

இருட்டில் இருக்கும் இலையில் ஒளித்தொகுப்பு 2இன் மையங்கள் எல்லாம் திறந்திருக்கும், அதாவது எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கும். அப்போது மிக மங்கலான அளவொளி, அதாவது ஒளிர்வை அளக்க மட்டும் கருவி அனுப்பும் ஒளி, காட்டினால் வரும் ஒளிர்வு குறைந்தபட்ச அளவு. இதை எஃப்-ஓ என்பார்கள். பிறகு அரை நொடியிலிருந்து ஒரு நொடி வரை மிகப் பிரகாசமான ஒளித்துடிப்பு ஒன்று. அதில் எல்லா மையங்களும் ஒரே நேரத்தில் நிரம்பி மூடிக்கொள்ளும். ஒளிச்சேர்க்கைக்கான மடை அந்த நொடிக்கு அடைபட்டதால் ஒளிர்வு உச்சத்துக்குப் போகும். இது எஃப்-எம். உச்சத்திலிருந்து குறைந்தபட்சத்தைக் கழித்தால் எஃப்-வி. அதை உச்சத்தால் வகுத்தால், எல்லாரும் பேசும் எஃப்-வி/எஃப்-எம் கிடைக்கும்.

ஓர் உதாரணம். எஃப்-ஓ 310, எஃப்-எம் 1750 என்று கருவி காட்டுகிறது. 1750இல் 310 போனால் 1440. அதை 1750ஆல் வகுத்தால் 0.82. ஆரோக்கியமான இலை. 1987இல் பியர்க்மனும் டெமிக்கும் பலவகைச் செடிகளை அளந்து பார்த்தபோது சராசரி 0.83 பக்கம் வந்தது. நெல், மா, தென்னை என்று செடி மாறினாலும் நல்ல நிலையில் உள்ள முதிர்ந்த இலை அந்த எல்லைக்கு அருகிலேயே நிற்கும் என்பது இந்த முறையின் பெரிய வசதி.

310, 1750 என்ற எண்களுக்குத் தனியாக அலகு கிடையாது. கருவி மாறினால், இலைக்கும் கருவியின் நுனிக்கும் இடைவெளி மாறினால் அவையும் மாறும். விகிதம் மட்டும்தான் ஒப்பிடத் தக்கது. ஆனாலும் இரண்டு எண்களையும் தனித்தனியே எழுதி வையுங்கள். விகிதம் 0.70க்கு இறங்கியிருந்தால், எஃப்-ஓ ஏறியதாலா, எஃப்-எம் இறங்கியதாலா என்பதில்தான் காரணம் ஒளிந்திருக்கிறது. கடும் வெப்பத்தில் ஒளித்தொகுப்பு 2 பழுதானால் எஃப்-ஓ ஏறும். இலை அதிக வெளிச்சத்தை வெப்பமாக வெளியேற்றும் பாதுகாப்பு நிலையிலேயே இன்னும் இருந்தால் எஃப்-எம் இறங்கும்.

வயலில் அளக்கும் நாள்

கருவி சொந்தமாக வாங்குவது பெரும்பாலான கல்லூரிகளுக்குச் சுலபமல்ல, விலை லட்சக்கணக்கில் போகும். உல்ரிச் ஷ்ரைபர் 1986 வாக்கில் முன்வைத்த பேம் முறையில் இயங்கும் கருவிகள்தான் இன்று பரவலாக உள்ளன. அளவொளியைத் துடிப்புத் துடிப்பாக அனுப்பி, அந்தத் துடிப்புக்கு வரும் பதிலை மட்டும் பிரித்தெடுப்பதால் பகல் வெயிலிலேயே அளக்க முடிகிறது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் டேவிட் க்ரேமரின் குழு உருவாக்கிய மல்ட்டிஸ்பெக் என்ற கைக்கருவியும் இருக்கிறது. எது கிடைத்தாலும் வயலுக்குப் போவதற்கு முன் இரண்டு சோதனைகளை வீட்டுச் செடியிலேயே முடித்துவிடுங்கள்.

ஒன்று, அளவொளி போதுமான அளவு மங்கலா? இருட்டில் வைத்த இலையில் அளவொளியை மட்டும் போட்டுக் கருவித் திரையில் வரும் ஒளிர்வுக் கோட்டைக் கவனியுங்கள். கோடு படுத்தே இருக்க வேண்டும். மெல்ல மேலே ஊர்ந்தால் அளவொளியே ஒளிச்சேர்க்கையைத் தூண்டிவிடுகிறது, குறையுங்கள்.

இரண்டு, பிரகாசத் துடிப்பு போதுமா? துடிப்பின் முடிவில் வளைவு தட்டையாகியிருக்க வேண்டும். இன்னும் ஏறிக்கொண்டே முடிந்தால் துடிப்பு போதவில்லை. பாதியிலேயே இறங்கத் தொடங்கினால் துடிப்பு நீளம் அதிகம். வெயிலில் வளர்ந்த நெல்லுக்கும் நிழலில் வளர்ந்த இலைக்கும் ஒரே அமைப்பு பொருந்தாமல் போகலாம்.

சரி, இப்போது வரப்பில் இறங்கலாம். நெல்லில் முழுதாக விரிந்த இலைகளில் மேலே உள்ளதைத் தேர்ந்தெடுங்கள், அதன் நடுப்பகுதியில் அளங்கள். மாமரத்தில் செம்புநிறத் தளிரைத் தொடாதீர்கள். தளிரின் ஒளிச்சேர்க்கை அமைப்பு இன்னும் முழுமையடையாதது, அது தரும் எண்ணை முற்றிய இலையோடு சேர்த்தால் சராசரி கெட்டுவிடும். மரத்தின் கிழக்குப் பக்க இலையும் மேற்குப் பக்க இலையும் காலையில் ஒரே மாதிரி இருக்காது, எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இலைக்குக் கிளிப் மாட்டி, அதன் சின்ன மூடியை இழுத்து இருட்டாக்குங்கள். 20 நிமிடம் குறைந்தபட்சம், 30 நிமிடம் நல்லது. கிளிப்பில் கருப்பு நிறம் இருந்தால் மத்தியான வெயிலில் அது சூடேறி அடியில் உள்ள இலையையும் சுட்டுவிடும். வெள்ளைக் கிளிப் எடுங்கள், இல்லையென்றால் மேலே அலுமினியத் தாள் சுற்றுங்கள். பத்துக் கிளிப்பை வரிசையாக மாட்டிவிட்டு, முதல் கிளிப்பிலிருந்து அதே வரிசையில், அதே இடைவெளியில் அளந்துகொண்டே போனால் எல்லா இலைக்கும் ஒரே இருட்டு நேரம் கிடைக்கும். இன்னொரு கவனம்: பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஊதும் மாதங்களில் கிளிப் ஆடும், இலை கிழியும். பக்கத்தில் ஒரு குச்சி நட்டு அதில் கிளிப்பைக் கட்டிவிடுங்கள்.

ஓர் இலையில் ஒரே துடிப்பு. தவறிப்போனால் அடுத்த நொடியே மறுபடியும் அழுத்தாதீர்கள், அந்த இலையின் இருட்டு கலைந்துவிட்டது. வேறு இலைக்குப் போங்கள்.

அளக்கும் நேரம் எது என்பதை என்ன கேள்வி கேட்கிறீர்கள் என்பதுதான் தீர்மானிக்கும். பகல் 2 மணிக்கு வெயிலில் நின்ற இலை 0.75 காட்டினால் பதற வேண்டாம். கடும் வெளிச்சத்தைச் சமாளிக்க இலை சாந்தோஃபில் என்ற மஞ்சள் நிறமிகளை மாற்றி ஆற்றலை வெப்பமாக வெளியேற்றிக்கொண்டிருக்கும், 30 நிமிட இருட்டில் அது முழுக்கத் திரும்பாது. மாலைக்குள்ளும் இரவிலும் மீண்டுவிடும். விடியலுக்கு முன் அளந்தும் அதே தாழ்ந்த எண் வந்தால்தான் உண்மையான பாதிப்பு. வெப்பப் பாதிப்பைத் தேடுபவர்கள் அதிகாலை 5 மணிக்கு டார்ச்சோடு வயலுக்குப் போக வேண்டியதுதான், வேறு வழி இல்லை. டார்ச் வெளிச்சம் இலையில் படாமல் தரையைப் பார்த்து அடியுங்கள்.

வறட்சியை அளக்கப் போகிறவர்களுக்கு

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் சித்தூர்ப் பக்கத்து மாணவர்கள் பெரும்பாலும் இந்தத் தலைப்போடுதான் வருகிறார்கள். ஒரு பாத்தியில் தண்ணீர் விட்டு, இன்னொன்றில் நிறுத்தி, ஒரு வாரம் எஃப்-வி/எஃப்-எம் அளந்து, இரண்டும் 0.82 என்று வந்ததும் மனம் உடைந்துபோகிறார்கள். இலை சுருண்டு கிடக்கிறது, கருவி ஒன்றும் இல்லை என்கிறது! கருவி சரியாகத்தான் சொல்கிறது. தண்ணீர் குறைந்தால் இலை முதலில் இலைத்துளைகளை மூடுகிறது. கார்பன் டை ஆக்ஸைடு உள்ளே வருவது குறைகிறது. ஒளித்தொகுப்பு 2 அப்போது பழுதாகவில்லை, வேலை இல்லாமல் நிற்கிறது. இருட்டில் வைத்துக் கேட்டால் நான் நன்றாக இருக்கிறேன் என்றுதான் அது சொல்லும். வறட்சி மிகவும் முற்றிய பிறகுதான் இந்த விகிதம் இறங்கும்.

ஆகவே வெளிச்சத்தில் அளங்கள். வெயிலில் நிற்கும் இலையில் அந்த நேரத்து ஒளிர்வையும், துடிப்பு கொடுத்தபோது வரும் உச்சத்தையும் எடுங்கள். முன்பு பார்த்த அதே இலை வெயிலில் 620, துடிப்பில் 900 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 900இல் 620 போக 280, அதை 900ஆல் வகுத்தால் 0.31. அந்த வெளிச்சத்தில் இலை உண்மையில் ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுத்தும் விகிதம் இது. 1989இல் ஜென்ட்டியும் உடன் உழைத்தவர்களும் இந்தக் கணக்கைத் தந்தார்கள். இருட்டு உச்சமான 1750இலிருந்து வெயில் உச்சமான 900ஐக் கழித்து, வந்த 850ஐ 900ஆல் வகுத்தால் 0.94. இது வெப்பமாக வெளியேற்றும் பாதுகாப்பின் அளவு, என்.பி.க்யூ. என்பார்கள். காய்ந்த பாத்தியில் முதல் எண் இறங்குவதும் இரண்டாவது ஏறுவதும், இருட்டு விகிதம் அசைவதற்கு வெகுமுன்னாலேயே தெரியும்.

ஆனால் இந்த இரண்டு எண்களும் வெளிச்சத்தோடு சேர்ந்தே மாறும். மேகம் மறைத்தால் முதல் எண் தானாக உயரும். இலைமேல் விழும் ஒளியின் அளவை அதே நொடியில் குறிக்காவிட்டால் நனைந்த பாத்தியையும் காய்ந்த பாத்தியையும் ஒப்பிட முடியாது. அளக்கும்போது உங்கள் நிழல் இலைமேல் விழக் கூடாது. கேட்பதற்குச் சின்ன விஷயம், ஒரு நாள் உழைப்பு அதில் போய்விடும்.

எலக்ட்ரான் ஓட்ட வேகம் என்று கருவியே ஓர் எண்ணைக் காட்டும். விகிதத்தை ஒளியளவால் பெருக்கி, பிறகு 0.84ஆலும் 0.5ஆலும் பெருக்கியது அது. 0.31 விகிதம், ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு 1000 மைக்ரோமோல் ஒளி என்றால் 130 வரும். இலை 84 சதவீத ஒளியை உறிஞ்சும் என்ற அனுமானம் அதற்குள் இருக்கிறது. மஞ்சளித்த இலைக்கு அது பொருந்தாது.

ஏரித் தண்ணீரில் பாசி

பாசியில் அளப்பது இலையில் அளப்பதைவிடக் கடினம் என்பது என் எண்ணம், ஆனாலும் நம் ஏரிகளுக்கு இது அவசியம். மாதிரியைக் கருப்புத் துணி சுற்றிய குப்பியில் எடுங்கள், எடுத்த ஆழத்தையும் நேரத்தையும் ஒட்டுங்கள். நடுப்பகலில் மேல்தண்ணீரில் இருந்த பாசி வெயிலால் ஒளிர்வை அடக்கி வைத்திருக்கும். உடனே அளந்தால் பாசி குறைவு என்று தவறாகக் காட்டும். அரை மணி இருட்டில் வைத்து, மெதுவாகக் கவிழ்த்துக் கலக்கிவிட்டு அளங்கள்.

அதே தண்ணீரை நுண்வடிகட்டியில் வடித்து, பாசி இல்லாத அந்த நீரையும் அளக்க வேண்டும். மக்கிய இலைதழை கரைந்த தண்ணீர் தானே கொஞ்சம் ஒளிரும். அதைக் கழிக்காமல் எடுத்த எஃப்-ஓ கூடுதலாக இருக்கும், விகிதம் பொய்யாகத் தாழும்.

பச்சைப்பாசி நல்ல நிலையில் 0.6 முதல் 0.75 வரை காட்டும். நீலப்பச்சைப்பாசி இயல்பிலேயே அதைவிடத் தாழ்வாகக் காட்டும். அதன் பச்சையத்தில் பெரும்பங்கு ஒளித்தொகுப்பு 1இல் இருப்பது ஒரு காரணம். ஒளித்தொகுப்பு 2க்கு ஒளி சேகரிப்பது ஃபைக்கோசயனின் போன்ற நிறமிகள், அவை நீல ஒளியைச் சரியாக உறிஞ்சாது என்பது இன்னொன்று. நீல அளவொளி மட்டும் உள்ள கருவியில் ஏரி முழுக்க நீலப்பச்சைப்பாசி படர்ந்திருந்தாலும் மங்கலாகத்தான் தெரியும். 620 நானோமீட்டர் பக்கத்து ஆரஞ்சு ஒளி உள்ள கருவி கேளுங்கள். அதோடு, இருட்டில் இந்தப் பாசியின் சுவாசம் எலக்ட்ரான் பாதையை நிரப்பிவிடுவதால், இருட்டில் எடுத்த உச்சம் அதன் உண்மையான உச்சம் அல்ல. ஆகவே கலந்த பாசி உள்ள தண்ணீரில் 0.4 வந்தால் பாசி நோயுற்றது என்று எழுதிவிடாதீர்கள். முதலில் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்து எந்த இனம் அதிகம் என்று பாருங்கள்.

குறிப்பேடும் முதல் அளவும்

தேதி, மணி, வயல், இலை எண், எந்தப் பக்கம், வானம், வெப்பநிலை, கடைசியாகத் தண்ணீர் பாய்ச்சிய நாள், இருட்டு நிமிடம், எஃப்-ஓ, எஃப்-எம் என்று பத்தி பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே செடியின் ஐந்து இலைகளில் அளந்தால் அது ஐந்து செடி ஆகாது. அந்த ஐந்தின் சராசரி ஒரு செடிக்கான ஓர் எண், அவ்வளவுதான். புள்ளியியல் கணக்குப் போடும்போது இதைத்தான் முதலில் கேட்பார்கள்.

இரவல் கருவி கேட்டுப் பக்கத்துப் பல்கலைக்கழகத்துக்கோ ஆய்வு நிலையத்துக்கோ போகும்போது, ஒரு பக்கத்தில் கேள்வி, செடி, நாள், எத்தனை இலை, எத்தனை நிமிட இருட்டு என்று எழுதிக்கொண்டு போங்கள். வெறும் ஆர்வத்தோடு போனால் காத்திருக்கச் சொல்வார்கள், திட்டத்தோடு போனால் உட்கார வைத்துப் பேசுவார்கள். கேட்பதை ஜனவரிக்குக் கேளுங்கள். மாமரத்தில் முற்றிய இலைகளுக்கு நூல் கட்டி எண் போட்டு, வெயில் ஏறுவதற்கு முன்னால் விடியற்காலை அளவு ஒன்றை எடுத்து வைத்தால், ஏப்ரலில் அதே இலைகளுக்குத் திரும்பிப் போய் ஒப்பிடக் கையில் ஓர் எண் இருக்கும்.